மரத்தில் நினைத்தது, சாந்தில் வார்த்தது: ஆஸ்போர்ன் மாளிகையின் தர்பார் அறை

லண்டன் பக்கம் போய்த் திரும்பும் நம்மவர்கள் ஆஸ்போர்ன் மாளிகையைப் பற்றிப் பேசினால் இரண்டு விதமாகத்தான் பேசுகிறார்கள். ஒரு சாரார், "விக்டோரியா மகாராணி வீட்டுக்குள்ளேயே நம்ம ஊர் அறை ஒண்ணு இருக்கு சார், அசல் மகாராஜா அரண்மனை மாதிரி!" என்று மார்தட்டுவார்கள். மறு சாரார், "எல்லாம் நம்மகிட்டேருந்து அடிச்சுக்கிட்டுப் போனதுதான்" என்று பல்லைக் கடிப்பார்கள். இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிற்று. ஏனென்றால் இரு கட்சியாருமே அந்தச் சுவரை உற்றுப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த அறை இந்தியாவிலிருந்து பெயர்த்துக்கொண்டு போனதல்ல. எந்த மகாராஜாவின் அரண்மனையையும் பார்த்துக் காப்பி அடித்ததும் அல்ல. பஞ்சாப் தச்சர் ஒருவர் மரத்தை மனத்தில் வைத்து வரைந்ததை, லண்டன் கம்பெனி ஒன்று பிளாஸ்டரில் வார்த்துக் கொடுத்திருக்கிறது. மரம் சாந்தாக மாறிய அந்த இடத்தில் என்ன கிடைத்தது, என்ன கைநழுவியது என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே வைட் தீவு இருக்கிறது. சௌதாம்ப்டனிலிருந்து படகில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஈஸ்ட் கௌஸ் துறையில் இறங்கலாம். மகள் அந்த ஊரில் குடியிருந்த காலத்தில் நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். விக்டோரியாவும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் 1845ஆம் ஆண்டு இந்த எஸ்டேட்டைச் சொந்தப் பணத்தில் வாங்கினார்கள். அரசாங்க அரண்மனைகளில் அதிகாரிகளின் கெடுபிடி தாங்காமல், குழந்தைகுட்டிகளோடு நிம்மதியாக இருக்க ஒரு வீடு வேண்டும் என்பது அவர்கள் ஆசை. பெரிய கட்டடக்கலை மேதை யாரையும் ஆல்பர்ட் கூப்பிடவில்லை. லண்டனில் தெருத்தெருவாக வீடு கட்டி விற்றுப் பேர்வாங்கிய தாமஸ் கியூபிட் என்ற கட்டட கான்ட்ராக்டரைக் கூட்டி வைத்துக்கொண்டு தாமே திட்டம் போட்டார். எதிரே தெரியும் கடல் அவருக்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாவை நினைவூட்டியதாம். அதனால் வீடும் இத்தாலியப் பாணியில் இரண்டு உயரமான கோபுரங்களோடு எழுந்தது. 1846இல் குடிபோனார்கள். 1851 வாக்கில் முழு வேலையும் முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் கல் கட்டடம்போல் இருக்கும். ஆனால் அது கல் அல்ல. செங்கல்லின்மேல் சிமெண்ட் பூசிக் கல்லைப்போல் கோடு போட்டிருக்கிறார்கள். உள்ளே வரவேற்பறையில் நிற்கும் தூண்கள் பளிங்குபோல் பளபளக்கின்றன. அவையும் பளிங்கு அல்ல. வண்ணச் சாந்தைத் தேய்த்து மெருகேற்றிய வேலை. பில்லியர்ட்ஸ் மேஜையின் கட்டுமானம் ஸ்லேட் கல். அதற்குப் பளிங்கு மாதிரி வர்ணம் பூசியிருக்கிறார்கள். சாட்சாத் பளிங்கு எங்கே என்று தேடினால், மகாராணி தம் குழந்தைகளின் பிஞ்சுக் கைகால்களைச் செதுக்கச் சொல்லிக் கண்ணாடி மூடிக்குள் வைத்திருந்தாரே, அதில் இருக்கிறது. (பார்க்கும்போது எனக்குச் சற்றுத் திகிலாகத்தான் இருந்தது. தாய்ப்பாசம் ஊருக்கு ஒரு விதம்.)

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அன்றைய இங்கிலாந்தில் புதுப்பணம் படைத்தவர் வீடெல்லாம் இப்படித்தான். தொழிற்புரட்சி கொடுத்த பெரிய வசதியே அதுதான்: ஒரு பொருளை இன்னொரு பொருளின் தோற்றத்தில், குறைந்த செலவில், சீக்கிரமாகச் செய்து தருவது. இந்த வீடு எழும்பிக்கொண்டிருந்த அதே 1849இல்தான் ஜான் ரஸ்கின் 'கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்' என்ற நூலை வெளியிட்டார். செங்கல்லைக் கல்லாகக் காட்டுவதும், அச்சில் வார்த்த அலங்காரத்தைக் கைவேலையாகக் காட்டுவதும் பொய் சொல்வதற்குச் சமம் என்று அதில் அடித்துப் பேசினார். ஆஸ்போர்ன் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. ஆக, 40 ஆண்டு கழித்து இந்தியாவின் பெயரால் ஓர் அறை கட்டும்போது அந்த வீடு தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் என்று நாம் எதிர்பார்ப்பதே தவறு.

ஆல்பர்ட் 1861 டிசம்பரில் காலமானார். அதன்பின் மகாராணிக்குக் கறுப்பு உடைதான். 1876இல் பார்லிமெண்ட் சட்டம் இயற்றி அவரை இந்தியாவின் சக்கரவர்த்தினி ஆக்கிற்று. 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் தர்பார் கூட்டி அறிவித்தார்கள். அவர் இங்கே வந்ததேயில்லை. கடைசிவரை வரவுமில்லை. பொன்விழா ஆண்டான 1887இல் ஆக்ராவிலிருந்து அப்துல் கரீம் முதலிய பணியாளர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கரீமிடம் மகாராணி இந்துஸ்தானி எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதும், அதனால் அரண்மனைக்குள் கிளம்பிய புகைச்சலும் 2017இல் சினிமாவாகவே வந்துவிட்டது. அந்தக் கதையை இங்கே நான் தொடப்போவதில்லை. கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சுவரைப் பார்க்கவிடாமல் மறைக்கிறது. படம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அந்த அறையில் கரீம் எங்கே நின்றார் என்றுதான் கேட்கிறார்கள்.

புது அறை கட்டக் காரணம் சாதாரணம். ஆஸ்போர்னின் சாப்பாட்டு அறை சிறியது. பெரிய விருந்தென்றால் தோட்டத்தில் கூடாரம் அடிக்க வேண்டியிருந்தது. ஆகவே 1890-91இல் வீட்டோடு ஒரு புதுப் பகுதியைச் சேர்த்துக் கட்டினார்கள். மாடியில் கடைசி மகள் பீட்ரிஸ் குடும்பத்துக்கு அறைகள், கீழே விருந்துக்கூடம். அந்தக் கூடம்தான் தர்பார் அறை. ஏறத்தாழ 60 அடி நீளம், 30 அடி அகலம், 20 அடி உயரம். பெயரைக் கேட்டுச் சிம்மாசனத்தைத் தேடாதீர்கள், அது ஒரு டைனிங் ஹால்.

அதை இந்தியப் பாணியில் அலங்கரிக்கும் யோசனை மகாராணிக்கு எங்கிருந்து வந்தது? அவருடைய மூன்றாவது மகன் கன்னாட் கோமகன் ஆர்தர் இந்தியாவில் ராணுவப் பணியில் இருந்தவர். இங்கிலாந்தில் பாக்ஷாட் பார்க் என்ற தம் வீட்டு பில்லியர்ட்ஸ் அறைக்கு லாகூர் மேயோ கலைப்பள்ளியில் சொல்லி மரவேலை செய்வித்தார். இருநூறுக்கும் மேற்பட்ட பலகைகளை பஞ்சாபிலேயே கையால் செதுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள். அதைப் பார்த்து மகிழ்ந்த தாயார், தமக்கும் ஒன்று வேண்டும் என்றார். அந்தப் பள்ளியின் முதல்வர் ஜான் லாக்வுட் கிப்ளிங். எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்கின் தகப்பனார்.

மும்பைவாசிகளான நமக்கு இந்த லாக்வுட் கிப்ளிங் அந்நியர் அல்ல. 1865இல் இங்கே ஜே.ஜே. கலைப்பள்ளிக்கு ஆசிரியராக வந்தவர். மகன் பிறந்ததும் இங்கேதான். கிராஃபோர்ட் மார்க்கெட் வாசலில், வளைவுகளுக்கு மேலே, உழவர்களையும் சந்தைக்காரர்களையும் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கியிருக்கிறதே, அது அவர் வடிவமைத்தது. பழம் வாங்கப் போகிற அவசரத்தில் நம்மில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்திருப்போம்? 1875இல் அவர் லாகூருக்கு மாறி மேயோ பள்ளியைத் தொடக்கத்திலிருந்து நடத்தினார். இந்தியத் தச்சரும் கொல்லரும் நெசவாளரும் பரம்பரையாக வைத்திருக்கும் கைத்திறமையைச் சீமைச் சாமான் மோகம் அழித்துவிடக் கூடாது என்று ஓயாமல் எழுதியவர். அதற்கென்றே 1884இல் தொடங்கிய இந்தியக் கலைப் பத்திரிகையின் ஆசிரியராகவும் இருந்தார். இவர் மேற்பார்வையில் எழுந்த ஆஸ்போர்ன் அறையின் சுவரில்தான் அந்த மரச்செதுக்கு பிளாஸ்டர் ஆனது. கேலிக்காகச் சொல்லவில்லை, நடந்தது அப்படி.

பள்ளி தொடங்கிய காலத்திலேயே அவரிடம் வந்து சேர்ந்த பையன் ராம் சிங். 1858இல் குர்தாஸ்பூர் மாவட்டம் படாலா பக்கத்து கிராமத்தில் பிறந்தவர். ராம்கடியா சீக்கியர், அதாவது நம் பேச்சில் ஆசாரி குடும்பம். அமிர்தசரஸில் உளியும் கொட்டாப்புளியுமாய் வளர்ந்தவர், பள்ளியில் வரைபடம் கற்று அங்கேயே ஆசிரியரும் ஆனார். பாக்ஷாட் பார்க் அறையின் வடிவமைப்பில் பெரும்பங்கு அவருடையது. ஆஸ்போர்னுக்கு 1891 தொடக்கத்தில் அவரே நேரில் போனார். வாரம் 5 பவுன் சம்பளம், இருக்க ஒரு குடில், செலவு தனி. ஏறத்தாழ இரண்டு ஆண்டு அங்கே தங்கி வேலை பார்த்தார். ஆங்கிலம் அவருக்குச் சரளமாக வராது. வேலைக்கு அது தடையாக இருந்ததாகத் தெரியவில்லை; வரைபடம் எல்லோருக்கும் புரியும்.

இனி பிளாஸ்டர் விஷயம். பாக்ஷாட் போல இவ்வளவு பெரிய கூடத்தையும் மரத்தில் செதுக்கினால் வருஷக்கணக்காகும், செலவும் எகிறும். ஆகவே ராம் சிங் மூல வடிவங்களை உருவாக்கிக் கொடுக்க, லண்டன் ஜாக்ஸன் கம்பெனி அவற்றுக்கு அச்சு எடுத்து வார்த்தது. அந்தக் காலத்தில் அது நன்கு பழகிய தொழில்நுட்பம்தான். அச்சுக்குள் ஜிப்சம் சாந்தைக் கரைத்து ஊற்றுவார்கள். அது இறுகுமுன் முரட்டுச் சாக்குத்துணியைப் பதித்து, பின்பக்கம் மெல்லிய மரச் சட்டங்களை வைத்து மறுபடி சாந்து பூசுவார்கள். காய்ந்ததும் பலகைபோல் கழன்று வரும். கனம் குறைவு, உடையாமல் வண்டியிலும் படகிலும் ஏற்றலாம், சுவரில் ஆணி அடித்து மாட்டலாம். காகிதக் கூழையும் சேர்த்து இன்னும் லேசாகச் செய்யும் முறையும் உண்டு; இந்த அறையின் மேற்பகுதிகளில் அதுவும் பயன்பட்டது. இதெல்லாம் ஏதோ ராஜரகசியம் என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டு ஹாலில் போடுகிறார்களே பி.ஓ.பி. சீலிங், அதன் கொள்ளுப்பாட்டன்தான்.

சாந்து வந்ததால் முதலில் மாறியது ஆழம். தச்சர் மரத்தைக் குடையும்போது இலைக்குப் பின்னால் உளியை விட்டு இன்னும் உள்ளே போவார். இலை சுவரைவிட்டுப் பிரிந்து நிற்கும், அதன் நிழல் கறுப்பாக விழும். அச்சில் வார்ப்பதற்கு அப்படிக் குடைய முடியாது. குடைந்தால் வார்ப்பு அச்சைவிட்டு வெளியே வராது, அல்லது அச்சைப் பல துண்டாகச் செய்ய வேண்டும். ஆகவே வடிவங்கள் சற்றுக் கூச்சத்தோடு சுவரை ஒட்டியே நிற்கின்றன. அடுத்தது திரும்பத் திரும்ப வருவது. கைவேலையில் ஒரு பூவும் பக்கத்துப் பூவும் ஒன்றுபோலிருந்தாலும் ஒன்றல்ல. வார்ப்பில் ஒன்று என்றால் ஒன்றேதான். பத்து நிமிஷம் நின்று பாருங்கள், "இதை இப்பத்தானே அங்கே பார்த்தோம்" என்று கண் கணக்குப்போட ஆரம்பித்துவிடும். நிறத்தையும் விட்டுவிட முடியாது. மரம் என்றால் வயசாக வயசாகக் கறுத்துப் பழுத்திருக்கும். இதுவோ தந்த நிற வெள்ளை. யாரும் சொல்லாவிட்டால், திருமணத்துக்குப் போட்ட கேக்கின் சர்க்கரை வேலை என்றே குழந்தைகள் நினைக்கும். என் பேத்தி நினைத்தாள்.

ஆனால் நிறம் விஷயத்தில் நான் முழுசாகக் குறை சொல்லமாட்டேன். இங்கிலாந்தின் டிசம்பர் மாலை எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். நாலு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். மகாராணி கிறிஸ்துமஸுக்கு அங்கேதான் வழக்கமாக வருவார். அந்த இருட்டில் இருண்ட தேக்கு அறை குகையாகிவிடும். அறைக்கு மின்விளக்கும் போட்டார்கள். ஒவ்வொரு மேடுபள்ளமும் அந்த வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தந்திருக்க வேண்டும். ஊரின் வெளிச்சத்துக்கேற்ற நிறம் என்று இதை ஒப்புக்கொள்கிறேன்.

நான் ஒப்புக்கொள்ள முடியாதது நெருக்கம். லாகூர், அமிர்தசரஸ் பழைய தெருக்களில் மரச்செதுக்கு வேலை எங்கே இருக்கும்? வெறும் செங்கல் சுவரில், தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஜரோக்கா என்ற மாடத்தில் மட்டும் இருக்கும். கதவு நிலையில் இருக்கும். 'பிஞ்ஜ்ரா' என்கிற மரச் சல்லடையில் இருக்கும். சுற்றிலும் வெறுமை இருப்பதால்தான் அந்த ஓரிடம் கண்ணைப் பிடிக்கும். காற்றுக்கும் மறைவுக்கும் பயன்பட்டதால் அங்கே அது இருக்க ஒரு காரணமும் உண்டு. ஆஸ்போர்னில் காற்று வர வேண்டாம், யாரும் மறைந்து நின்று தெருவைப் பார்க்க வேண்டாம். காரியம் போய்விட்டது, கோலம் மட்டும் நின்றுவிட்டது. போதிகைகளும் வளைவுகளும் எதையும் தாங்கவில்லை. பின்னால் இருக்கும் ஆங்கிலேயச் செங்கல் சுவர்தான் எல்லாவற்றையும் தாங்குகிறது. மொகலாய வளைவு, ராஜபுத்திர மாடம், குஜராத் கோயில் தூணின் சாயல் என்று எல்லாம் ஒரே சுவரில். தலைக்கு மேலே கட்டம் கட்டமாகக் குழிந்த கனத்த மச்சு. ஒரு கையகலம்கூட வெறுமை இல்லை. நல்ல சமையற்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, தெரிந்த பதார்த்தம் அத்தனையையும் ஒரே இலையில் பரிமாறச் சொன்னது போலிருக்கிறது. சமையலில் குறை இல்லை, இலைதான் பாவம்.

இதற்கு ராம் சிங்கைக் குறைகூறலாமா? கூடாது என்பது என் கட்சி. 'இந்தியா' என்று ஒன்றைக் கேட்டது அந்த வீடு. படாலாவையோ அமிர்தசரஸையோ கேட்கவில்லை. பெரும்பாலான விருந்தினர் இந்தியாவைப் பார்க்காதவர்கள், மகாராணி உட்பட. அவர்களுக்கு ஒரே பார்வையில் முழு தேசத்தையும் காட்ட வேண்டும் என்றால் இப்படித்தான் முடியும்.

அவர் தனிமையில் பேசுகிற இடமும் அந்த அறையில் உண்டு. கணப்புக்கு மேலே தோகை விரித்து நிற்கும் பெரிய மயில்தான் அது. அதற்கு மட்டும் 500 மணி நேர உழைப்பு என்பார்கள். அது திரும்ப வராது, ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு இறகுக் கண்ணும் அடுத்ததைச் சற்றே மூடிக்கொண்டு அலையலையாகப் பரவுகிறது. மற்ற இடங்களில் சுவரோடு ஒட்டிக்கொண்ட சாந்து இங்கே உயிர்பெற்று முன்னே வருகிறது. தச்சரின் கண் இங்கே தெரிகிறது. வாசலுக்கு மேலே பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். பார்த்தவுடன் கை தானாகக் கூப்பிவிட்டது. அவர் பார்த்துக்கொண்டிருக்க, கீழே கிறிஸ்துமஸ் மேஜையில் என்னென்ன பரிமாறினார்கள் என்பதை இந்த மலரில் எழுதி உங்கள் சாப்பாட்டைக் கெடுக்க விரும்பவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நம் ஊரில் எழுந்ததுதான் விக்டோரியா டெர்மினஸ், இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ். எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைப்பில் 1878இல் தொடங்கி 1888இல் முடிந்தது. அதன் மயில்கள், குரங்குகள், இலை கொடிகளை ஜே.ஜே. கலைப்பள்ளி மாணவர்கள் செய்தார்கள், உண்மையான கல்லில். அங்கேயும் பாணி இரவல்தான், இத்தாலிய கோதிக். ஆனால் கல் கல்லாக இருக்கிறது, தூண் சுமக்கிறது, வளைவுக்கடியில் ரயில் பிடிக்க ஓடுகிறவனுக்கு நிழல் கிடைக்கிறது. அயலான் வடிவமைத்து நம்மவர் செதுக்கிய ரயில் நிலையம் ஒன்று. நம்மவர் வடிவமைத்து அயலான் வார்த்த சாப்பாட்டு அறை இன்னொன்று. கட்டடமாக எது உயர்ந்தது என்றால் நான் தயங்காமல் நம் ஸ்டேஷனைத்தான் சொல்வேன். தினமும் எட்டேகால் லோக்கலில் இடிபட்ட எரிச்சலோடும் இதைச் சொல்கிறேன்.

அறையைவிட எனக்கு மனத்தில் தங்கியது அதற்குப் போகும் தாழ்வாரம். சுவர் நிறைய முகங்கள். ருடால்ஃப் ஸ்வோபோடா என்ற ஆஸ்திரிய ஓவியரை மகாராணி 1886இல் இந்தியாவுக்கு அனுப்பி, தம் பிரஜைகளை வரைந்துவரச் சொன்னார். அவர் ராஜாக்களை வரையவில்லை. நெசவாளி, சிப்பாய், ஊர்ப் பெண்கள் என்று சாதாரண ஜனங்களைச் சின்னச் சின்னப் படங்களாக வரைந்தார். ஆக்ரா குயவர் பக்ஷிராம், வயது 102 என்று சொல்லப்பட்டவர், அங்கே இருக்கிறார். அந்தச் சுருக்கம் விழுந்த முகத்தின் முன்னால் நின்றால் நகர மனசு வராது. பின்னர் ஆஸ்போர்னிலேயே ஸ்வோபோடா ராம் சிங்கையும் வரைந்தார். கூலிக்கு வந்த தச்சரின் முகத்தை மகாராணி எழுதிவைக்கச் சொன்னது மரியாதைதான், மறுக்க வேண்டாம். இந்த மரியாதை எதுவரை போகும் என்பதையும் அந்த மாளிகையே காட்டிவிடுகிறது.

ஏனென்றால் அங்கே வின்டர்ஹால்டர் 1854இல் தீட்டிய இன்னொரு பஞ்சாபியும் இருக்கிறார். ஆளுயரப் படம், பட்டு, முத்து, வைரம். மகாராஜா துலீப் சிங். பத்து வயதில், 1849இல், அவருடைய ராஜ்ஜியம் பிரிட்டிஷார் வசமாயிற்று, கோஹினூரும் போயிற்று. பிறகு இங்கிலாந்தில் மகாராணியின் செல்லப்பிள்ளைபோல் இருந்தார், ஆஸ்போர்னுக்கும் வந்திருக்கிறார். 1886இல் ஊருக்குத் திரும்பக் கப்பலேறியவரை ஏடனில் தடுத்து நிறுத்திவிட்டார்கள். 1893இல் பாரிஸில் இறந்தார். அவர் ஆண்ட மண்ணில், அந்த ஆட்சி போன ஒன்பதாம் ஆண்டு பிறந்தவர் ராம் சிங். ராஜாவுக்கு ஊர் திரும்ப அனுமதி கிடைக்காத சில ஆண்டுகளுக்குள் அந்தத் தேசத்துத் தச்சருக்குக் கப்பல் டிக்கெட் கொடுத்து வரவழைத்தார்கள். "நம்ம அறை" என்று மார்தட்டுகிறவர்கள் இந்த இரண்டு படங்களையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். "அடிச்சுக்கிட்டுப் போனது" என்கிறவர்களும்தான். அடித்துக்கொண்டு போனது கோஹினூர், இந்தச் சுவர் அல்ல. சுவருக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் ராம் சிங்கின் உழைப்பும் கொள்ளைப் பொருள் கணக்கில் சேர்ந்து, அவர் பேர் காணாமல் போகும்.

அவர் பேர் நெடுங்காலம் காணாமல்தான் போயிருந்தது. கிப்ளிங்கின் அறை என்றே அதைச் சொல்லிவந்தார்கள். சிஷ்யன் செய்ய, வாத்தியார் பேரில் பில். (கிப்ளிங் அப்படிக் கேட்டதாகச் சொல்ல மாட்டேன், அவர் சீடனை எங்கும் உயர்த்தியே பேசியவர்.) 2006இல் லாகூரைச் சேர்ந்த பெர்வேஸ் வந்தல், சாஜிதா வந்தல் தம்பதி ராம் சிங்கைப் பற்றித் தனி நூலே எழுதிய பிறகு நிலைமை தேறியிருக்கிறது. எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கிறவர்கள் ஒரு சீக்கியக் கலைஞருக்கு இதைச் செய்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

விக்டோரியா 1901 ஜனவரி 22இல் அந்த வீட்டிலேயே கண்மூடினார். மகன் ஏழாம் எட்வர்டுக்கு அந்த வீடு பிடிக்காது; 1902இல் நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். அந்த எஸ்டேட்டில் 1903 முதல் 1921 வரை கடற்படைச் சிறுவர் பள்ளி நடந்தது, மாளிகையின் ஒரு பகுதி ராணுவ அதிகாரிகள் நோய் தேறும் இல்லமாக இருந்தது. இப்போது 'இங்கிலீஷ் ஹெரிடேஜ்' பராமரிப்பில் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது.

ராம் சிங் வேலை முடித்து லாகூர் திரும்பினார். அதற்குப் பிறகு செய்தவற்றைப் பார்க்கும்போதுதான் ஆஸ்போர்ன் அறையின் நெருக்கம் அவருடைய சுபாவம் அல்ல என்று எனக்கு உறுதிப்பட்டது. கிப்ளிங்கோடு சேர்ந்து அவர் வடிவமைத்த லாகூர் அருங்காட்சியகம் 1894இல் திறந்தது. அங்கே சிவப்புச் செங்கல்லின் அகலமான சுவர், அதில் இடமறிந்து வைத்த அலங்காரம். 1892இல் நிறுவப்பட்ட அமிர்தசரஸ் கால்சா கல்லூரிக்கும் அவரே கட்டட வடிவம் தந்தார். எத்தனை மாடங்கள், எத்தனை குமிழ்கள்! ஆனாலும் மூச்சு முட்டுவதில்லை. நடுவே ஆகாயம் இருக்கிறது, முன்னே புல்வெளி இருக்கிறது, வளைவு உண்மையாகவே வெயிலைத் தடுக்கிறது. 1910இல் மேயோ பள்ளியின் முதல்வர் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். 1916இல் மறைந்தார்.

பொற்கோயிலைத் தரிசித்துவிட்டு மாலையில் வாகா எல்லை அணிவகுப்புக்குப் போகாத தமிழ்க் குடும்பம் அபூர்வம். அந்த கிராண்ட் டிரங்க் ரோட்டின் மேலேயே கால்சா கல்லூரி இருக்கிறது. டிரைவரிடம் சொன்னால் அரை மணி நேரம் நிறுத்துவார். காலை வெயில் நேராக விழும்போது பார்ப்பது நல்லது. மாலையில் எல்லோரும் எல்லைக்குப் பறக்கிற அவசரத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தமாட்டார்.